ஊரைக் கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள்

கசார்வாடி, தாபோடி, பிம்ப்ரி, போசரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அப்பாக்களும் தாத்தாக்களும் லேத்துப் பட்டறைக்கும் மோட்டார் கம்பெனிக்கும் வேலை தேடி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் ரேஷன் வாங்கவுமே சரியாக இருந்தது. ஜன்னலில் தெரிந்த மலையை ஜன்னலில் பார்த்ததோடு சரி. உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கிறது, முதுகுப்பையும் கூடாரமும் வாங்கக் கையில் காசு இருக்கிறது, காட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

கசார்வாடி ஸ்டேஷனில் லோணாவளா லோக்கல் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சஹ்யாத்ரி அடிவாரம். தளேகாவ் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். காம்ஷேத், மளவலி, லோணாவளா என எங்கே இறங்கினாலும் நடந்து போகும் தூரத்தில் ஒரு கோட்டையோ குடைவரையோ காடோ இருக்கிறது.

பவனா ஏரிக்கரையில் மெத்தை போட்ட கூடாரமும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. கரண்ட் இல்லாமல், கட்டில் இல்லாமல், தான் சுமந்து வந்ததை மட்டும் வைத்துக் காட்டோரம் ஓர் இரவு தங்க நினைப்பவர்களுக்கே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஒருவர் தனியாகக் காட்டுக்குள் நடந்து போய், பிடித்த இடத்தில் கூடாரம் அடித்து, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் காடுகளில், நடந்து போகிறவர் ஓரிடத்தில் ஓர் இரவு மட்டும் தங்கி நகர்ந்துவிட்டால் அனுமதிச் சீட்டுகூட வேண்டியதில்லை. ஸ்வீடனில் வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் தள்ளி, அடுத்தவர் நிலத்திலும் ஓரிரு இரவு தங்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இங்கே அப்படிக் கிடையாது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இன்னும் கடுமையானது. நமக்கு அருகிலுள்ள பீமாசங்கர் 1985 முதல் சரணாலயம். மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கான ஷேக்ரு என்ற மலையணில் அந்த மரங்களின் உச்சியில்தான் கூடு கட்டுகிறது. ஹரிச்சந்திரகட் கோட்டையும் களசுபாய்–ஹரிச்சந்திரகட் சரணாலயத்துக்குள் இருக்கிறது. லோஹகட் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. பொழுது சாய்ந்தபின் அங்கே இருக்கக்கூடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகட்டும் ஒன்று, நம் செஞ்சிக் கோட்டையும் ஒன்று. செஞ்சியில் ராஜகிரி உச்சியில் எவனாவது கூடாரம் அடித்துச் சுவரில் பேர் கிறுக்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்படியானால் எங்கேதான் தங்குவது? காட்டின் விளிம்பில் இருக்கும் ஊரில், ஊர்க்காரர் நிலத்தில், அவர் கைகாட்டிய இடத்தில். இந்தப் பக்கத்தில் முறையாகக் கிடைக்கும் காட்டுத் தங்கல் அதுதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் காடு, தலைக்கு மேல் வானம், ராத்திரி முழுக்க இரவுப் பறவைகளின் குரல். சரணாலயத்துக்குள் இருக்கும் ஊர் என்றால் நுழைவு அனுமதியை வனத்துறைச் சாவடியில் கேட்டு வாங்கியபின் போங்கள்.

2. ஊர்க்காரர்தான் உங்கள் முதல் வழிகாட்டி. லோணாவளாவிலிருந்து துங்கார்லி வழியாக சுமார் 15 கிலோமீட்டர் நடந்தால் ராஜமாச்சி. ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டைகள்; இரண்டுக்கும் காலடியில் உதேவாடி என்ற சின்ன ஊர். நடைப்பயணிகளுக்குச் சோறு போட்டு, முற்றத்தில் இடம் கொடுத்துப் பழகிய ஊர் அது. முதல் தடவை போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, முதலில் கண்ணில் படும் பெரியவருக்கு 'ராம் ராம்' சொல்லுங்கள். ஆண்களைக் காகா என்றும் பெண்களை மாவுஷி என்றும் கூப்பிடுங்கள். உங்கள் மராத்தி பிம்ப்ரி மார்க்கெட்டில் கற்ற மராத்தியாக இருந்தாலும் போதும், அவர்கள் முகம் மலரும். 'இதே தம்பூ லாவு கா?' என்று கேட்டுவிட்டுக் கூடாரத்தைப் பிரியுங்கள். கேட்காமல் அடிக்கும் இடம் நெல் காயப்போடும் களமாக இருக்கலாம், மாடு திரும்பும் வழியாக இருக்கலாம், சாமி இடமாகவும் இருக்கலாம். இங்கே 'தேவ்ராய்' என்று சொல்லும் கோயில்காடுகள் உண்டு. நம் ஊர் ஐயனார் காடு மாதிரிதான். உள்ளே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கமாட்டார்கள். அந்த எல்லை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஊர்க்காரருக்குத் தெரியும்.

நான்கு விஷயம் கேட்டு வையுங்கள். குடிக்கிற தண்ணீர் எங்கே, குளிக்கிற தண்ணீர் எங்கே, காலைக்கடனுக்கு எந்தப் பக்கம், ராத்திரி எந்தப் பக்கம் போகக்கூடாது. இதற்கு அவர்கள் சொல்லும் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது.

ராத்திரிச் சாப்பாட்டை ஒரு வீட்டில் சொல்லிவிடுங்கள். பிட்லாவும் பாக்ரியும் பச்சைமிளகாய்த் தேச்சாவும் கிடைக்கும். கேட்ட பணத்தைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அரிசியும் கேஸும் அந்த மலைப்பாதையில் எப்படி வந்து சேர்கின்றன என்று நீங்களே நடந்து பார்த்திருப்பீர்களே. பீமாசங்கர், ஆம்பேகாவ், ஜுன்னர் மலைகளில் மகாதேவ் கோளி மக்கள் ஹிர்டா பொறுக்கி விற்றுத்தான் வருஷத்துச் செலவைப் பார்க்கிறார்கள். ஹிர்டா என்பது நம் கடுக்காய்தான். மரத்தடியில் சும்மா கிடக்கிறதே என்று பையில் அள்ளிப் போடுவது ஒருவருடைய கூலியை எடுப்பது.

3. ஜூன் முதல் செப்டம்பர் வரை புதியவர்கள் இரவு தங்கப் போகவேண்டாம். மழைக்கால சஹ்யாத்ரி அழகு என்பதை நான் மறுக்கவில்லை. பகலில் போய், பாதையை விட்டு விலகாமல் பார்த்துவிட்டு, பகலிலேயே திரும்புங்கள். 2014 ஜூலை 30ஆம் தேதி ஆம்பேகாவ் தாலுகாவில் மாளின் என்ற ஊர் மலைச்சரிவில் புதைந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூலை 19 இரவில் ராய்கட் மாவட்டத்தின் இர்ஷால்வாடி அப்படியே போனது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கே தெரியாமல் மண் இறங்கியிருக்கிறது. நேற்று வந்த நமக்கு எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு இறங்கும் என்று எப்படித் தெரியும்?

ஓடையும் அப்படித்தான். 2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூஷி அணைக்கு மேலே உள்ள அருவியில் ஒரே குடும்பத்தில் 5 பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இந்த மலைகளின் உச்சி தட்டையான கரும்பாறை, மேலே மண் குறைவு. பெய்கிற மழை ஊறாமல் நேரே ஓடைக்கு வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கும்; மேல்தளத்தில் கொட்டிய மழை சில நிமிஷத்தில் முழங்கால் தண்ணீரை இடுப்புக்கு ஏற்றிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, யாரையும் கேட்காமல் கரையேறுங்கள். மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் அருவிகளுக்கும் கோட்டைகளுக்கும் தடை ஆணை போடுவது உண்டு. அந்த ஆணை இருக்கும்போது போகவே வேண்டாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் உச்சியில் குளிர் வாட்டும், கம்பளியைக் குறைக்காதீர்கள்.

4. தீ மூட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. காப்புக்காட்டில் அது குற்றம், சரணாலயத்தில் குற்றம், குற்றமாக இல்லாத இடத்திலும் மூட்டாதீர்கள்.

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைப் போல வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிக்குப் போனவர்கள். அன்று அந்தச் சரிவில் இருந்தது காய்ந்த புல். சரிவில் தீ எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். அதனால் மேட்டை நோக்கித் தீ ஏறும் வேகம் மனிதன் ஏறும் வேகத்தைவிட அதிகம். தீயைக் கண்டு மேலே ஓடுவது ஆபத்து. பக்கவாட்டில் விலகிப் பாறைவெளிக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ, ஓடைப் பள்ளத்து ஈரத்துக்கோ போகவேண்டும். நைலான் சட்டை உடம்போடு உருகி ஒட்டிக்கொள்ளும், பருத்தியே போடுங்கள்.

சஹ்யாத்ரியிலும் ஜனவரி தாண்டினால் மேல்தளத்துப் புல் முழுக்க வைக்கோல் நிறமாகிவிடும். இங்கே காட்டுத்தீயை 'வணவா' என்பார்கள். கார்வி என்று ஒரு செடி, நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை சரிவு முழுக்க ஊதா நிறத்தில் பூத்துவிட்டுக் காய்ந்து போகும். அந்தத் தட்டை ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவருக்கு எடுப்பார்கள். பூத்து முடிந்த வருஷத்தில் அந்தச் சரிவு ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது. அணைக்காத பீடித் துண்டு போதும்.

ராத்திரி நெருப்பில்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஊர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசுங்கள். டீ வேண்டுமானால் சின்ன கேஸ் அடுப்பை ஊர் முற்றத்தில், சுற்றிலும் புல் இல்லாத மொட்டைத் தரையில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். மற்றதற்கெல்லாம் அம்மா கட்டிக்கொடுக்கும் புளிச்சோறு இருக்கிறது, மறுநாள் காலை வரை கெடாது. அவலும் வெல்லமும், பொடி தடவிய இட்லியும், லோணாவளாவில் வாங்கிய கடலைச் சிக்கியும் இருந்தால் அடுப்பே வேண்டாம்.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018இல் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்தவர்களை உள்ளூர் வழிகாட்டிகள் கூட்டிப்போகிறார்கள். லீவில் ஊருக்குப் போகும்போது அதில் ஒன்றைப் போய்ப் பாருங்கள்.

5. கூடாரம் அடிக்கும் இடம். காய்ந்த ஓடைப் படுகை வேண்டாம், பட்ட மரத்தின் அடி வேண்டாம், பாறை முகப்பின் கீழே வேண்டாம். பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் பாறையிலிருந்து சில்லுகள் கழன்று விழும். செங்குத்து விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியிருங்கள். ஹரிச்சந்திரகட்டின் கொங்கண்கடா உள்வாங்கி வளைந்த பெரும் செங்குத்து; கொங்கணத்திலிருந்து வரும் காற்று அதில் மோதி மேல்நோக்கிச் சீறும். அந்தக் காற்றில் ஆள் இல்லாத கூடாரம் பறந்து போய்விடும்.

இங்கே பல இடங்களில் மண் ஒரு சாண்கூட இருக்காது, கீழே பாறைதான். கூடாரத்தோடு வரும் அலுமினிய முளை நாலு விரல் இறங்கும், பிறகு வளையும். அதை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். முளையைத் தரையில் படுக்க வையுங்கள். கயிற்றை அதன் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கூடாரத்தின் பக்கமாக, முளைக்கு முன்னால் தலையளவு கல் ஒன்றை வைத்து, கயிறு அதன் அடியில் வரும்படி செய்யுங்கள். இழுத்தால் முளை கல்லில் முட்டி நிற்கும். அந்தக் கல்லின் மேல் இன்னொரு கல். காற்றடித்தாலும் இது எளிதில் நகராது. கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள், முதலில் காலணியால் அசைத்துப் பாருங்கள். அடியில் தேள் இருக்கும். கோட்டைச் சுவரிலிருந்தோ, வீரக்கல் நிற்கும் இடத்திலிருந்தோ ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். காலையில் ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்தில் வையுங்கள்.

கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடிவிட்டு, மேலே இருக்கும் வலைத் திறப்பை மட்டும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூச்சே விடியற்காலையில் துளித்துளியாக மேலே சொட்டும்.

6. பாம்பும் தேளும். இதைப் படித்துப் பயப்படவேண்டாம், பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்வது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குதான். தரையில் தூங்குகிறவருக்கு முக்கியமானது கட்டுவிரியன். அது ராத்திரியில் நடமாடும். கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை தானாகச் சரிவது, நாக்குக் குழறுவது என்று தெரியவரும். ராத்திரி தங்கியவர் காலையில் இப்படிச் சொன்னால் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

கடித்த இடத்தைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலையோ கையையோ கம்பு வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போகவேண்டும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று போகும் வழியிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தேள் கொங்கணப் பக்கத்தில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மகாட் என்ற சிறிய ஊரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ராசோசின் மாத்திரை தேள்கடியில் உயிர் காக்கும் என்று கண்டு, லான்செட் இதழில் எழுதினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தேள் கொட்டி வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி வந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ சிகிச்சை இருக்கிறது, நேரத்தோடு போகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காலணியைக் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் உதறிப் போடுங்கள். ராத்திரி இரண்டடி நடக்கவும் டார்ச் வேண்டும்.

7. மலைத்தேனீ. கோட்டை வாசல் வளைவுகளிலும் பாறை முகப்புகளிலும் முறம் அகலத்துக்குக் கூடு தொங்கும். கீழே போகும்போது பேச்சை நிறுத்துங்கள். சென்ட் அடித்துக்கொண்டு மலைக்கு வரவேண்டாம். புகை, கல்வீச்சு, சத்தம் மூன்றும் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டியதுதான். ஆனால் விளிம்புப் பக்கம் ஓடாதீர்கள்.

8. சிறுத்தை. ஜுன்னர், ஆம்பேகாவ், கேட், சிரூர் தாலுகாக்களில் அது கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே குட்டி போட்டு வளர்க்கிறது. பிடிபட்ட சிறுத்தைகளைப் பராமரிக்க ஜுன்னர் அருகே மாணிக்டோகில் ஒரு மையமே இருக்கிறது. இருட்டில் தனியாக வெளியே போகாதீர்கள். போனால் இரண்டு பேராக, டார்ச்சும் பேச்சுமாகப் போங்கள். குனிந்து உட்கார்ந்த மனிதன் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய விலங்காகத் தெரிவான். மிச்சச் சோற்றையும் எலும்பையும் கூடாரத்துக்கு அருகே கொட்டாதீர்கள். அதற்கு நாய் வரும், நாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும்.

9. தண்ணீர். இதை நம் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குகிறேன். கசார்வாடி உட்பட பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குக் குடிநீர் பெரும்பாலும் பவனா அணையிலிருந்து வருகிறது. அணையில் திறக்கும் தண்ணீர் ஆற்றில் ஓடிவந்து, ராவேத் தடுப்பணையில் ஏற்றப்பட்டு, நிகடியில் சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக்கு வருகிறது. லோஹகட், திகோனா, துங் மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஏரிக்கரையில் சனிக்கிழமை ராத்திரி ஒருவன் போட்டுவிட்டு வரும் தட்டும் கிளாஸும் சோப்புநுரையும், செவ்வாயோ புதனோ அவன் அம்மா பிடிக்கும் குடத்தின் பக்கமாகத்தான் வருகின்றன. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் தன் வீட்டுத் தொட்டியில் எச்சில் தட்டைக் கழுவமாட்டார்கள். இங்கே மட்டும் ஏன் கழுவுகிறார்கள்? எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

கோட்டைகளின் மேல் பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டிகள் உண்டு, 'டாக்கே' என்பார்கள். சிலவற்றில் வருஷம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் நிற்கும். அதில் கால் நனைப்பதும் பாட்டிலை அப்படியே முக்குவதும் கூடாது. கயிறு கட்டிய பாத்திரத்தால் மொண்டு, துணியில் வடித்து, கொதிக்க வைத்தோ குளோரின் மாத்திரை போட்டோ குடியுங்கள். கரையிலிருந்து குறைந்தது 200 அடி எட்டி, மொண்டு வந்த தண்ணீரில் கைகால் கழுவுங்கள்.

காலைக்கடனுக்கு, தண்ணீரிலிருந்து 200 அடிக்கு அப்பால், பாதையை விட்டு விலகி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடித்து மண்ணால் மூடுங்கள். சின்ன மண்கரண்டி ஒன்று பையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் நாப்கினைப் புதைக்கவேண்டாம், பன்றி தோண்டிவிடும். இரண்டு கவரில் இறுகக் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். குப்பை எதுவானாலும் அப்படியே. ஆரஞ்சுத் தோலும் முட்டை ஓடும்கூடப் பைக்குள் வரவேண்டும்.

10. ஸ்பீக்கர் கொண்டுபோகாதீர்கள்.

11. வெளிச்சம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், முதல் மழைக்கு முன்னால், ராஜமாச்சியில் மின்மினிகள் மரம் மரமாகச் சேர்ந்தாற்போல் மின்னும். ஒளியைக் காட்டித்தான் ஆண்பூச்சி பெண்பூச்சியைக் கூப்பிடுகிறது. நாம் அடிக்கும் டார்ச்சிலும் வண்டி ஹெட்லைட்டிலும் அந்த அழைப்பு தொலைந்துபோகும். அதனால் இனம் பெருகாமல் போகிறது. பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றித் தரையை மட்டும் பார்த்து நடங்கள். போட்டோ வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

12. பை. அவரவர் பையை அவரவர் தூக்கவேண்டும். 3 லிட்டர் தண்ணீர், இரண்டு டார்ச், விசில், பத்து மீட்டர் கயிறு, கம்பளி, மழைக்கு ஒரு தார்ப்பாய், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு நாளைக்குக் கூடுதலாக. புதிய ஷூவை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். இவ்வளவுதான். கடைக்காரர் சொல்கிறதையெல்லாம் வாங்கவேண்டாம்.

13. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஊர், எந்தப் பாதை, யார் யார், எந்த லோக்கலில் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மகாராஷ்டிர வனத்துறைக்கு 1926. மாலை 4 மணிக்குமேல் புதிய ஏற்றம் எதையும் தொடங்காதீர்கள். வழி தவறினால் இறங்கு ஓடையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அது அருவியின் தலையில் கொண்டு நிறுத்தும். தெரிந்த இடத்தில் உட்கார்ந்து விசில் ஊதுங்கள். லோணாவளாவில் சிவதுர்க் மித்ர என்ற தன்னார்வலர் குழு இருக்கிறது. மழை, ராத்திரி என்று பாராமல் கயிற்றில் இறங்கி அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள். நீங்கள் விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பது அவர்களுடைய உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பது.

14. இது பெற்றோருக்கு. பையனை அனுப்பிவிட்டுப் பெண்ணை நிறுத்திவைக்காதீர்கள். நாலைந்து பெண்களாக, அனுபவப்பட்ட ஒருவரோடு, தெரிந்த ஊர் வீட்டில் தங்கும்படி அனுப்புங்கள். கிரிப்ரேமி போன்ற பழைய மலையேற்றக் குழுக்கள் புனேயிலேயே இருக்கின்றன. 1982இல் தொடங்கிய அந்தக் குழு 2012இல் எவரெஸ்ட் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் முறையாகக் கற்றுக்கொள்ள வைப்பது, நண்பர்களோடு தெரியாமல் போகவிடுவதைவிடப் பாதுகாப்பு.

15. தொடங்கும் வரிசை. முதலில் ஒரு பகல் பயணம். மளவலியில் இறங்கி, பாஜே ஊர் வழியாக, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய பாஜா குடைவரைகளைப் பார்த்துவிட்டு, லோஹகட் ஏறி, விஞ்சூ காட்டா என்னும் தேள்வால் முனை வரை நடந்து, பொழுது சாயுமுன் இறங்கிவிடுங்கள். மறுநாள் வலிக்கும் இடங்களைக் கவனித்து வையுங்கள், பையின் கனத்தை அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒரு இரவு, உதேவாடியில், ஊர் முற்றத்தில். அதன் பிறகுதான் பீமாசங்கர், ஹரிச்சந்திரகட் எல்லாம், அனுமதியோடும் உள்ளூர் ஆளோடும்.

நவம்பரில் பாதை காய்ந்திருக்கும், ஊற்றுகளில் தண்ணீர் இருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது, குளிரும் தாங்கும்படி இருக்கும். உங்கள் முதல் இரவை அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் லோக்கலிலேயே ஏறிவிடுங்கள், பிள்ளைகளே. உதேவாடிக்குப் பொழுதோடு போய்ச் சேரவேண்டும், அந்த வீட்டு மாவுஷி உங்களுக்கும் சேர்த்து மாவு பிசையவேண்டும்.